கழுத்தில் மாட்டும் பலகை

லூர்துநாதன் செய்த கதவைச் சாத்தினால் ஒரு சத்தம் வரும். பெரிய பங்களாக் கதவுக்கு வருகிற சத்தம். அந்தச் சத்தத்துக்காகவே அவனைத் தேடி வருகிறவர்கள் திண்டிவனத்தில் உண்டு. மனுஷனுக்குக் கனம் என்றால் அப்படி ஒரு பைத்தியம். முக்கால் இஞ்சுக்குக் குறைந்த பலகையைப் பலகை என்றே ஒத்துக்கொள்ள மாட்டான். அட்டை என்று தள்ளிவிடுவான். அவன் செய்த ஸ்டூலில் யானை உட்காரலாம், ஆனால் அதை நகர்த்த இன்னொரு யானையைக் கூப்பிட வேண்டும் என்று பட்டறையில் கூட வேலை செய்யும் சித்தார்த்தன் கிண்டல் பண்ணுவான். லூர்துநாதனுக்குக் கோபம் வராது, பெருமையாக இருக்கும். அங்கேதான் வினையே.

அவன் பெண்டாட்டி அமல்ராணிக்கு விழுப்புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் போடும் வேலை. காலையில் புதுச்சேரி போகும் மெமு வண்டியில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் விழுப்புரத்தில் இறங்கிவிடலாம். ஏழு வருஷமாக அந்த முக்கால் மணி நேரமும் அவள் படம் வரைந்தாள். எதிர் சீட்டில் வாய் பிளந்து தூங்குகிறவர், பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு கட்டுகிறவள், மயிலத்தில் ஏறும் காலேஜ் பையன்கள், யாரையும் விட்டதில்லை. யாரும் கற்றுக்கொடுத்ததும் இல்லை. மகள் சகாய பிரியாவின் பழைய பரீட்சை அட்டையில் ஒரு தாளைச் செருகி, இடது கையால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் கோடு போடுவாள். மடியில் வைத்தால் வண்டியின் ஆட்டமெல்லாம் கோட்டில் வந்துவிடும். தூக்கிப் பிடித்தால் அந்த ஆட்டத்தை இடது கை வாங்கிக்கொள்ளும். இதையும் அவளேதான் கண்டுபிடித்தாள்.

அந்த இடது கையைத்தான் லூர்துநாதன் உடைத்தான்.

அடித்து உடைக்கவில்லை, ஐயோ, அவன் அவளை ஒரு அதட்டல்கூடப் போட்டவனில்லை. போன அக்டோபரில் கிளியனூரில் சொந்தக்காரர் வீட்டுக் குழந்தைக்கு ஞானஸ்நானம். விருந்து சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். எதிரே ஒரு மினி லாரியில் தேக்குக் கதவு ஒன்று நிமிர்ந்து நின்றபடி போனது. இவன் திரும்பிப் பார்த்தான். பெண்களைப் பார்க்கிறவன் இருப்பான், காரைப் பார்க்கிறவன் இருப்பான், இவன் கதவைப் பார்க்கிறவன். அந்த ஒரு பார்வைக்குள் முன்சக்கரம் ரோட்டோர மணலில் இறங்கிவிட்டது. இவனுக்கு முழங்காலில் சிராய்ப்பு. அவளுக்கு இடது மணிக்கட்டில் இரண்டு எலும்பு. பிளேட் வைத்துத் தைத்து அனுப்பினார்கள்.

கை சேர்ந்துவிட்டது. சோறு வடிக்கலாம், துணி பிழியலாம், டோக்கன் கிழிக்கலாம். ஆனால் எதையும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் தூக்கிப் பிடிக்க முடியாது, விரல் நடுங்கி விட்டுவிடும். வேலைக்குத் திரும்பிய முதல் வாரம் வண்டியில் முயன்று பார்த்தாள். இரண்டு தடவை அட்டை கீழே விழுந்தது. மூன்றாம் நாள் அட்டையை மகளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு கோடு கிடையாது.

அவள் அவனை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை. தினமும் காலையில் அவன், “கை வலிக்குதா ராணி?” என்று கேட்பான். “இல்லைங்க” என்பாள். அந்த ‘இல்லைங்க’ அவனுக்குள் முள்ளாகக் கிடந்தது. அவள் திரும்பவும் வரைய வேண்டும். அது ஒன்றுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. கோயிலில் முட்டி போட்டால்கூட அதைத் தவிர வேறு ஒன்றும் வாயில் வரவில்லை.

தச்சனுக்கு வேறு என்ன தெரியும்? பலகை செய்ய ஆரம்பித்தான்.

போகிற இடத்துக்கெல்லாம் எடுத்துப்போகிற வரைபலகை. மூன்று வாரம் சாயங்கால நேரமெல்லாம் அதற்கே போனது. முக்கால் இஞ்சு மரைன் ப்ளைவுட்டில் இரண்டு பலகை, நடுவில் பித்தளைக் கீல், திறந்தால் பெரிசாகும், மடித்தால் பெட்டியாகும். மேலே தேக்கு நிறத்தில் பளபளவென்று மைக்கா. அடியில் பென்சிலுக்கு ஒரு டிராயர். டிராயருக்குப் பூட்டு. மேலே பிடித்துத் தூக்க அலமாரிக் கைப்பிடி. முடித்துவிட்டு மூடிப் பார்த்தான். சத்தம் வந்தது. ஆஹா, பங்களாச் சத்தம்.

ஆகஸ்டில் மாதா திருநாள் பூசை முடிந்து வந்ததும் அதை அவள் முன்னால் வைத்தான்.

“இது என்னாங்க, நகைப் பொட்டியா?”

“தெறந்து பாரு.”

அவள் திறந்தாள். எதற்கு என்று புரிந்துவிட்டது. மைக்காவைத் தடவினாள், கீலைத் தடவினாள், டிராயரை இழுத்து இழுத்துத் தள்ளினாள்.

“பூட்டு எதுக்குங்க?”

“பென்சிலு களவு போனா?”

“நான் கடிச்சு வெச்ச பென்சில எவன் களவாடப்போறான்?” என்று சிரித்தவள், சிரிப்பு முடிவதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ரொம்ப நல்லா இருக்குங்க. நெசமாத்தான்.”

மறுநாளிலிருந்து பலகை அவளோடு விழுப்புரம் போய்வந்தது. சாயங்காலம் இவன், “வரைஞ்சியா?” என்பான். ஒருநாள், “கூட்டம், நிக்கத்தான் எடம்” என்றாள். ஒருநாள் பேரணி ஸ்டேஷனில் ஏறிய ஒரு ஜோடி சண்டை போட்டதாம், வேடிக்கை பார்த்தே நேரம் போய்விட்டதாம். ஒருநாள் பென்சில் சீவவில்லை. இவனும் நம்பினான். பிரியப்பட்டவர்கள் சொல்லும் பொய்யை நம்புவதில் அவன் கெட்டிக்காரன்.

மூன்றாம் வாரம் விழுப்புரத்தில் ஒரு வீட்டில் அலமாரிக்கு அளவெடுக்கும் வேலை வந்தது. சீக்கிரமே பஸ் பிடித்துப் போய்விட்டான். வண்டி வருகிற நேரம், ஒரு காபி வாங்கிக் கொடுக்கலாம் என்று ஸ்டேஷன் வாசலில் நின்றான். கூட்டத்தோடு பானுப்ரியா வெளியே வந்தாள். அவள் அமல்ராணியோடு தினமும் வருகிறவள், விழுப்புரத்தில் ஒரு புடவைக் கடையில் வேலை. பிள்ளையைத் தூக்கிவருகிற மாதிரி இடுப்பில் பலகையை வைத்துக்கொண்டு வந்தாள். பின்னால் அமல்ராணி வெறும் சாப்பாட்டுப் பையோடு, இடது கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நடந்து வந்தாள்.

“அண்ணே, நல்ல வேள வந்தீங்க!” பானுப்ரியாவுக்கு வாய் சும்மா இருக்காது. “இந்த ஒரல நீங்களே தூக்கிக்கினு போங்க. மூணு வாரமா நாந்தான் செமக்கறேன். மொத நாள் இவ தூக்கி, கையி வீங்கி, அன்னிக்குப் பூரா தைலம் தேச்சிக்கினு இருந்தா.”

பின்னாலிருந்து அமல்ராணி கண்ணைக் காட்டினாள். கண்ணைக் காட்டி என்ன பண்ணுவது, எல்லாம் வெளியே வந்தாகிவிட்டது. லூர்துநாதன் பலகையை வாங்கிக்கொண்டான். தூக்கிப் பார்த்தபோதுதான், அன்றைக்குத்தான் முதல் தடவையாக, அது எவ்வளவு கனம் என்று அவன் கைக்குத் தெரிந்தது. காபி வாங்கவில்லை. அலமாரிக்கு எடுத்த அளவும் தப்பு.

சாயங்காலம் வீட்டில் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டான்.

“ஏன் சொல்லல?”

“சொன்னா ஒங்க மூஞ்சி தொங்கிப் போயிரும்.”

“கையி வீங்குது, நீ என் மூஞ்சியப் பாத்தியா?”

“ஆமா, பாத்தேன். சாப்புடக்கூட வராம மூணு வாரம் இழைச்சுக்கினு கெடந்தீங்க. அத எப்டி வாணாம்ங்கறது? எனக்கு மனசு வரல.”

“நாந்தான் ராணி ஒன் கைய ஒடச்சேன்!” அவன் கத்திவிட்டான். பத்து மாதமாகத் தொண்டையில் இருந்தது. உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்த சகாய பிரியா சத்தத்தைக் குறைத்தாள். “நாந்தான் ஒடச்சேன். ஒரு தபா திட்டித் தொலையேன்.”

அமல்ராணி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“சரி, திட்டறேன். கதவப் பாத்துக்கினே வண்டி ஓட்டுனீங்க, நான் வுழுந்தேன். போவட்டும்னு வுட்டா, இப்பவும் எனக்குக் கதவத்தான் செஞ்சி குடுத்திருக்கீங்க. கீலு, கைப்புடி, பூட்டு. தாழ்ப்பா ஒண்ணுதான் பாக்கி.”

உள்ளேயிருந்து மகள் சிரித்தாள். அவளும் சிரித்தாள். இவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, என்ன செய்வது, அவள் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. ஆனால் சிரித்து முடித்ததும் கேட்டான்: “வரையணும்னு ஆச இருக்கா இல்லியா? அத மட்டும் சொல்லு.”

“இல்லாமயே பழகிப்போச்சுங்க. வுடுங்க” என்று அவள் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அவள் வருத்தமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் அவனுக்குப் பயமாகப் போயிற்று.

மறுநாள், தப்பாக எடுத்த அளவைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று சொல்லி அவளோடு அதே வண்டியில் ஏறினான். கூட்டத்தில் அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இவன் கொஞ்சம் தள்ளிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் எதிர் சீட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராணுவத்தில் இருந்தவர் போல மீசை, தலையைத் தொங்கப்போட்டுத் தூங்கினார். அவள் பார்ப்பது தெரியாத மாதிரிப் பார்த்தாள்.

அப்புறம்தான் லூர்துநாதன் அவள் வலது கையைக் கவனித்தான். முழங்காலின் மேல், புடவையில், ஆள்காட்டி விரல் நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு வளைவு, ஒரு நிறுத்தம், திரும்ப ஒரு வளைவு. மீசை. நெற்றி. தொங்கும் கன்னம். அவளுக்கே தெரியாமல் அந்த விரல் வரைந்துகொண்டிருந்தது. பழகிப்போச்சாம்! பழகவாவது மண்ணாவது. லூர்துநாதன் கம்பியை இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டான்.

விக்கிரவாண்டி தாண்டியதும், “மல்லாட்ட, அவிச்ச மல்லாட்ட” என்று வேர்க்கடலை விற்கும் அஞ்சம்மாள் வந்தாள். அந்த வழித்தடத்தில் எல்லாருக்கும் தெரிந்தவள், நாற்பது வயசு இருக்கும். கழுத்தில் ஒரு அகலமான துணிப்பட்டை. பட்டையில் ஒரு தட்டு தொங்கியது. தட்டின் உள்விளிம்பு அவள் வயிற்றில் ஒண்டிக்கொண்டிருந்தது. வண்டி ஒரு குலுக்கு குலுக்கியது. நின்றவர்களெல்லாம் ஆள் மேல் ஆள் சாய்ந்தார்கள். அஞ்சம்மாள் தட்டில் ஒரு கடலை உருளவில்லை. அவள் உடம்பு ஒரு பக்கம் போக, தட்டு அதன் பாட்டுக்கு மட்டமாக நின்றது. ஒரு கை ஆழாக்கில் அள்ளியது, ஒரு கை காகிதத்தைச் சுருட்டியது. தட்டைப் பிடிக்க ஒரு கையும் இல்லை.

லூர்துநாதன் பாக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்து நேரே தட்டில் வைத்தான்.

“யோவ்! என்னாய்யா அளக்கற? ரயில்வே ஆளா நீ?” அஞ்சம்மாள் தட்டோடு பின்னால் நகர்ந்தாள்.

“இல்லம்மா, தச்சன். கழுத்துலேர்ந்து தட்டு எத்தினி இஞ்சு தொங்குது, அதப் பாத்துக்கறேன்.”

“பேஜாரு புடிச்ச ஆளா இருக்கறியே. எதுக்கு?”

“ஊட்டுக்காரிக்கு.”

“ஓ, மல்லாட்ட விக்க வுடப்போறியா?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னான். கை, படம், பலகை. அஞ்சம்மாள் கேட்டுக்கொண்டே ஜன்னலோரம் பார்த்தாள்.

“அந்தப் படம் போடற பொண்ணா? என்னைக்கூட ஒருக்கா போட்டுக் குடுத்துச்சே. அதான் இப்பல்லாம் சும்மா குந்திக்கினு வருதா?” அவள் பட்டையைக் கழுத்திலிருந்து இழுத்துக் காட்டினாள். “அளந்துக்கோ. கயிறு போட்றாதே, கழுத்த அறுத்துரும். பழைய பொடவைய நாலா மடிச்சுத் தெச்சிக்கோ. வயித்துல படற பக்கம் சாணளவு உள்ள வாங்கி வளைச்சுடு. அப்பத்தான் ஒண்டிக்கினு நிக்கும். அப்பால முக்கியம், தட்டு லேசா இருக்கணும். லேசா இல்லேன்னா மத்தியானத்துக்குள்ள நான் செத்தேன்.”

லேசு. இருபத்திரண்டு வருஷ வேலையில் அந்த வார்த்தையை லூர்துநாதன் ஒரு வாடிக்கையாளரிடம் சொன்னதில்லை.

அன்றே நாலு எம்எம் ப்ளைவுட் வாங்கி வந்தான். கையில் எடுத்தால் வளைந்தது. ‘அட்டை’ என்று முணுமுணுத்தான். சித்தார்த்தன் எட்டிப் பார்த்து, “என்னா மாமா, மொறம் செய்றியா? பொடைக்கவா?” என்றான்.

“மூடிக்கினு ஒன் வேலயப் பாரு.”

பித்தளைக் கீலை எடுத்து வைத்தான், திரும்ப டப்பாவில் போட்டான். கீலுக்குப் பதிலாக இரண்டு பலகைக்கும் நடுவே ஒரு காடாத் துணியைப் பசை போட்டு ஒட்டினான், புத்தகத்தின் முதுகு மாதிரி. விரித்தால் மடங்காமல் இருக்க அடியில் ஒரே திருகாணியில் சுழலும் மெல்லிய மரச்சட்டம். குறுக்கே திருப்பினால் பலகை விறைத்து நிற்கும், நெடுக்கே திருப்பினால் மடங்கும். மைக்கா கிடையாது, பாலிஷ் கிடையாது. கை வழுக்காமல், முள் குத்தாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததோடு சரி. காற்றில் தாள் பறக்காமல் இருக்க இரண்டு ஓரத்திலும் பாவாடை எலாஸ்டிக். உள்விளிம்பை அஞ்சம்மாள் சொன்ன மாதிரி வளைத்து அறுத்தான். கழுத்துப் பட்டைக்கு அமல்ராணியின் பழைய பருத்திப் புடவையை அவளுக்குத் தெரியாமல் எடுத்து, பஸ் ஸ்டாண்டில் பை தைக்கிற வெங்கடாசலத்திடம் கொடுத்து நாலு மடிப்பாகத் தைத்து வாங்கினான்.

முதல் தடவை மாட்டிப் பார்த்தபோது பலகை முன்பக்கம் கவிழ்ந்தது. பட்டையை முன்மூலைக்கு மாற்றினான். அப்போது முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டது. பட்டையின் நீளத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு வளையம் போட்டான். சரியாக நின்றது. பட்டறைக்குள் நின்றால் போதுமா, ஓடுகிற வண்டியில் நிற்க வேண்டாமா? கழுத்தில் பலகையோடு டவுன் பஸ்ஸில் ஏறி மயிலம் வரைக்கும் நின்றுகொண்டே போனான். பலகையின் மேல் ஒரு பென்சில் வைத்துக்கொண்டான், உருளுகிறதா பார்க்க. கூட்டேரிப்பட்டு தாண்டும்போது ஒரு அம்மா, “பத்து ரூபாய்க்குக் குடுப்பா” என்று கையை நீட்டியது. “தீந்துபோச்சும்மா” என்றான். பென்சில் உருளவில்லை, அவனுக்கு அது போதும்.

வரும் வழியில் கறிக்கடைத் தராசில் பலகையை வைத்துப் பார்த்தான். நானூற்று இருபது கிராம். அவனுடைய உளிகூட அதைவிடக் கனம்.

ஆனால் கொடுக்கத்தான் தைரியம் வரவில்லை. இரண்டு நாள் பட்டறையிலேயே கிடந்தது. அது பார்க்க நன்றாக இல்லை என்பது ஒரு காரணம். தன் கைவேலை என்று சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது. நிஜமான காரணம் வேறு. இதையும் மாட்டிக்கொண்டு அவள் வரையவில்லை என்றால்? அப்போது குறை பலகையில் இல்லை என்றாகிவிடும். கிளியனூர் ரோட்டில் அவன் உடைத்தது எலும்பு மட்டும் இல்லை என்றாகிவிடும். அதை எந்த டாக்டர் பிளேட் வைத்துச் சேர்ப்பார்?

திங்கட்கிழமை காலை அவளோடு வண்டி ஏறினான். இடம் கிடைத்து உட்கார்ந்ததும் பையிலிருந்து எடுத்து நீட்டினான்.

“நான் செஞ்சேன்னு யாருகிட்டயும் சொல்லாத.”

அவள் ஒற்றை விரலில் அதைத் தூக்கிப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். “இது நீங்க செஞ்சதா?”

“சொல்லாதன்னேன்ல.”

“என் நீலப் பொடவ!”

“பழசுதானே.”

பானுப்ரியா பக்கத்திலிருந்து பட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டாள். இவன் குனிந்து வளையத்தை இழுத்துச் சரிசெய்தான். பலகை வயிற்றில் ஒண்டியது. தாளைச் செருகிக் கொடுத்தான். பென்சிலையும் கொடுத்தான், சீவித்தான் கொண்டுவந்திருந்தான். அதற்குமேல் செய்ய ஒன்றும் இல்லை. அவள் பென்சிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மயிலம் போயிற்று. தாள் வெள்ளை. பேரணி போயிற்று. தாள் வெள்ளை. அவன் ஜன்னல் வழியாகச் சவுக்குத் தோப்பைப் பார்ப்பதுபோலத் தாளைப் பார்த்தான்.

“ஏங்க,” என்றாள் அவள், “நீங்க அந்தாண்ட போய் ஒக்காருங்க. பாத்துக்கினே இருந்தா எனக்குக் கை வரமாட்டேங்குது.”

எழுந்துபோய் அடுத்த வரிசையில் அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான். உட்கார்ந்தானே தவிர, காது முழுக்க அங்கேதான் இருந்தது. வண்டிச் சத்தத்தில் பென்சில் சத்தமா கேட்கும்? மாதாவே, மாதாவே என்று விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டிருந்தான். விக்கிரவாண்டி வந்தது. முண்டியம்பாக்கம் வந்தது. திரும்பக் கூடாது, திரும்பக் கூடாது என்று இருந்து, தாங்காமல் திரும்பிவிட்டான்.

அவள் குனிந்திருந்தாள். எதிரே ஒரு பெரியவர் பேத்தியின் தலையில் சாய்ந்து தூங்க, பேத்தி செல்போன் பார்த்துக்கொண்டிருந்தாள். அமல்ராணியின் கண் ஏறியது, இறங்கியது, ஏறியது, இறங்கியது. வலது கை தாளில் ஓடியது. வண்டி ஆடியது, அவள் ஆடினாள், பலகை ஆடவில்லை. இடது கை மடியில் மல்லாந்து கிடந்தது, தூங்குகிற குழந்தையின் கை மாதிரி.

விழுப்புரம் வந்துவிட்டது.

எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். கூச்சல், நெரிசல். அமல்ராணி நிமிரவில்லை. பானுப்ரியா அவள் தோளைத் தொடக் கையை நீட்டினாள். லூர்துநாதன் இரண்டே எட்டில் வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். வாயில் விரல் வைத்தான்.

“டூட்டி இருக்குது அண்ணே!” பானுப்ரியா கிசுகிசுத்தாள். “ஸ்கேன் சென்டர் மேடம் கத்துவாங்க!”

“கத்தட்டும்.”

“சீசன் டிக்கெட்டு இதுவரைக்குந்தான்!”

“நான் பாத்துக்கறேன். நீ எறங்கு தாயி, புண்ணியமாப் போவும்.”

பானுப்ரியா அவளையும் இவனையும் பார்த்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே இறங்கிப்போனாள். வண்டி விழுப்புரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. அவ்வளவு நேரமும் லூர்துநாதன், இறங்குகிறவர்கள் யாரும் அவளை இடிக்காமல் வழியை மறைத்துக்கொண்டு நின்றான். வண்டி நகர்ந்தது. புதுச்சேரிப் பக்கம் திரும்பியது.

வளவனூர் நெருங்கும்போதுதான் அவள் பென்சிலைத் தாளிலிருந்து எடுத்தாள். தாளைத் தூரமாக வைத்துப் பார்த்தாள். படத்தில் பேத்தியின் நெற்றியில் விழுந்த முடியை விரலால் லேசாகத் தேய்த்துவிட்டாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள்.

“இது என்னா எடம்? விழுப்புரம் எங்க?”

“அது போயி ரொம்ப நேரமாச்சு.”

“ஐயையோ! ஏன்யா எழுப்பல?”

“நீ எங்க தூங்குன, எழுப்பறதுக்கு?”

அவள் திட்ட வாயைத் திறந்தாள். தாளைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். மடியில் கிடந்த இடது கையைத் தூக்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள், யாரோ இப்போதுதான் திருப்பிக் கொடுத்த மாதிரி. அதற்குள் போன் அடித்தது. ஸ்கேன் சென்டர் மேனேஜர் கலைப்பிரியா. லூர்துநாதன், “காய்ச்சல்னு சொல்லு, காய்ச்சல்னு சொல்லு” என்று சைகை காட்டினான்.

“மேடம், அமல்ராணி பேசறேன். இன்னிக்கு நான் வரல மேடம்… இல்ல மேடம், காய்ச்சல் எல்லாம் இல்ல… ஊட்லயும் எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க… கையி வலியா? இல்ல மேடம். நெசமா வலிக்கல.” அவள் ஒரு தடவை மூச்சை இழுத்துக்கொண்டாள். “படம் வரைஞ்சுக்கினு இருந்தேன் மேடம். எறங்க மறந்துட்டேன்.”

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, அவள் “சரிங்க மேடம், சரிங்க மேடம்” என்று போனை வைத்தாள். லூர்துநாதன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதான். பெரியவரும் பேத்தியும் அவனையே பார்த்தார்கள். அமல்ராணி பார்க்கவில்லை. அவள் அடுத்த தாளை எலாஸ்டிக்கில் செருகிக்கொண்டிருந்தாள்.